உஷார்! கிளவுட் சர்வரை ‘சும்மா ஒரு நிமிஷம்’ நிறுத்தப் போகிறீர்களா?

“சர்வர் திணறுது, கொஞ்சம் ராம் கூட்டிடலாமா?” என்று ஆபீஸில் யாராவது கேட்டால், அவரைக் கையோடு உட்கார வையுங்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். கிளவுட் என்றால் வேண்டும்போது பெரிதாக்கலாம், வேண்டாதபோது சுருக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: பெரிதாக்கும் அந்த நேரத்தில் உங்கள் மெஷின் ஓடாது. நிறுத்தினால்தான் அளவை மாற்ற முடியும். நிறுத்தி ஏற்றியபின் அது பழைய ஐபியோடு, பழைய டேட்டாவோடு, பழையபடியே எழுந்து வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

பத்து இருபது சர்வர் ஓடும் இடங்களில் ஒன்று படுத்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும். என் பயமெல்லாம் ஒற்றை மெஷினை நம்பி இருப்பவர்களைப் பற்றித்தான். மருந்து மொத்த வியாபாரியின் பில்லிங், தனியார் பள்ளியின் கட்டணப் பக்கம், ஸ்கேன் சென்டரின் ரிப்போர்ட் லிங்க் என்று எத்தனையோ விஷயங்கள் மும்பையிலோ ஹைதராபாத்திலோ ஒரு டேட்டா சென்டருக்குள் ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைக் கவனித்துக்கொள்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கட்டணம் கட்டக் கடைசி நாள், பக்கம் திறக்க நேரமாகிறது, பெற்றோர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். அவர் பதறிப்போய் கன்சோலைத் திறந்து ‘ஸ்டாப்’ அழுத்துகிறார். மெதுவாக ஓடியது, இப்போது ஓடவே இல்லை.

எந்த மாற்றம் மெஷினை நிறுத்தும், எது நிறுத்தாது என்பதை அழுத்தும் முன்பே தெரிந்துகொள்ள முடியும். அமேசானின் இசி2 சேவையை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் அஸூரும் கூகுள் கிளவுடும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே அதையும் குறிப்பிடுகிறேன்.

ரீபூட் வேறு, ஸ்டாப் வேறு

உங்கள் விர்ச்சுவல் மெஷின் நிஜமான ஒரு கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஹோஸ்ட் என்று பெயர். ரீபூட் என்றால் அதே வீட்டில் கதவைச் சாத்தித் திறப்பது. ஸ்டாப் கொடுத்துப் பிறகு ஸ்டார்ட் கொடுத்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு, அநேகமாக வேறொரு வீட்டில் குடியேறுவது. கன்சோலில் இரண்டும் ஒரே மெனுவில் அடுத்தடுத்து இருப்பதால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் முக்கால்வாசி விபத்துகள் கிளம்புகின்றன.

முதலில் பறிபோவது பப்ளிக் ஐபி. இசி2வில் மெஷின் தொடங்கும்போது தானாகக் கிடைக்கும் பப்ளிக் ஐபி, ரீபூட் செய்தால் அப்படியே இருக்கும். ஸ்டாப் கொடுத்த கணமே அது அமேசானின் பொதுக் குவியலுக்குத் திரும்பிவிடும். மறுபடி ஸ்டார்ட் கொடுக்கும்போது புது ஐபிதான் வரும். உள்ளே புழங்கும் பிரைவேட் ஐபி மட்டும் மாறாது.

ஐபி மாறினால் டொமைனில் புது எண்ணைப் போட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். டொமைன் பதிவைப் பிறர் நினைவில் வைத்திருக்கும் காலமான டிடிஎல் 86400 வினாடி என்று இருந்தால், சிலருடைய இணைப்பு ஒரு நாள் முழுக்கப் பழைய ஐபியையே தேடிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய ஐபி இதற்குள் முன்பின் தெரியாத வேறொருவர் மெஷினுக்குப் போயிருக்கலாம். உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யும் வாடிக்கையாளர் இன்னொருவர் வாசலில் போய் நிற்பார். அந்த ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

அதைவிடக் கொடுமை வங்கிப் பக்கம். வங்கிகளின் ஏபிஐ, பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் சேவை போன்றவற்றில் பல, நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த ஐபியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். ஐபி மாறினால் உங்கள் தளம் திறக்கும், லாகின் ஆகும், பொருளைக் கூடையில் போடலாம், பணம் மட்டும் கட்ட முடியாது. ஓடிபி வராது. புது ஐபியைச் சேர்க்கச் சொல்லி வங்கிக்கு மெயில் போட்டு, அவர்கள் ஒப்புதல் வாங்கி, மாற்றி முடிக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சனிக்கிழமை ராத்திரி இப்படி மாட்டிக்கொண்டால் திங்கள்கிழமை வரை வியாபாரம் போச்சு.

இதற்கு மருந்து எலாஸ்டிக் ஐபி. ஸ்டாப் கொடுத்தாலும் அது மெஷினோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் பப்ளிக் ஐபிவி4 எண் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 3.6 டாலர் வசூலிக்கிறது. பில்லைப் பார்த்துவிட்டு “எலாஸ்டிக் ஐபியைக் கழற்றிவிட்டால் மிச்சம்” என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். தானாகக் கிடைக்கும் ஐபிக்கும் அதே கட்டணம்தான். ஒரு காசும் மிச்சமாகாது, பாதுகாப்பு மட்டும்தான் போகும்.

தானாகக் கிடைத்த ஐபியை அப்படியே எலாஸ்டிக் ஐபியாக மாற்ற அமேசானில் வழி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். எலாஸ்டிக் ஐபியை மாட்டிய மாத்திரத்தில் பழைய எண் போய்விடும். ஆகவே அதை மாட்டுவதே ஒரு டவுன்டைம். டிடிஎல்லை ஒரு நாள் முன்னதாகவே 300 வினாடிக்கு இறக்கிவிட்டு, வங்கியிடம் புது எண்ணைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு மாட்டுங்கள். கூகுள் கிளவுடில் இந்தத் தொல்லை இல்லை. ஓடும் மெஷினிடம் இருக்கும் தற்காலிக ஐபியையே நிலையானதாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஸ்டாப் கொடுக்கும் முன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அஸூரில் டைனமிக் முறையில் வைத்திருக்கும் ஐபி, மெஷினை ‘டீஅலகேட்’ செய்யும்போது கைவிட்டுப் போகும். ஸ்டாண்டர்ட் வகை ஐபி நிலையானது, அது போகாது.

அஸூரில் இன்னொரு வலையும் இருக்கிறது. விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் மெஷின் நிற்கும், ஆனால் ஹோஸ்டைக் காலி செய்யாது, வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலில் ஸ்டாப் கொடுத்தால்தான் டீஅலகேட் ஆகும்.

டேட்டா அழியும் இடம்

ஐபி போனால் ஓரிரு நாளில் சரி செய்துவிடலாம். அடுத்து சொல்லப்போவது அப்படிச் சரிக்கட்ட முடியாதது.

இசி2வில் எம்5டி, சி5டி, ஐ3 போன்ற சில வகைகளுக்கு ஹோஸ்டிலேயே பொருத்தப்பட்ட டிஸ்க் கிடைக்கும். இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் என்பது அதன் பெயர். படுவேகம், தனிக் கட்டணமும் இல்லை. அந்த வேகத்துக்கு ஆசைப்பட்டு டேட்டாபேஸையே அதில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெஷினை நிறுத்தியதும் ஹோஸ்ட் காலியாகிறது, அந்த டிஸ்கில் இருந்ததெல்லாம் அழிகிறது. எங்கே போய் முறையிட்டாலும் திரும்ப வராது, அமேசானே நினைத்தாலும் எடுத்துத் தர முடியாது.

இதில் ஆளைக் கவிழ்ப்பது எது தெரியுமா? ரீபூட் செய்தால் அந்த டேட்டா அழியாது. “போன மாசம்கூட ரீபூட் பண்ணினோமே, எல்லாம் அப்படியே இருந்துச்சே” என்ற அனுபவத்தை நம்பித்தான் ஸ்டாப் அழுத்துவார்கள். வருஷக்கணக்கில் ரீபூட்டைத் தாங்கிய டேட்டா, முதல் ஸ்டாப்பிலேயே காலி.

அஸூரில் இதற்கு டெம்பரரி டிஸ்க் என்று பெயர். விண்டோஸில் பெரும்பாலும் டி டிரைவாகக் கண்ணில் படும். அதற்குள்ளேயே ‘டேட்டா போய்விடும், எச்சரிக்கை’ என்று தலைப்பிட்ட ஒரு ஃபைலை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. ஆனாலும் “டி டிரைவ் காலியாத்தானே இருக்கு” என்று பேக்கப்பை அங்கே கொட்டுகிறவர்கள் உண்டு. லினக்ஸில் அது சாதாரணமாக எம்என்டி ஃபோல்டரில் மவுன்ட் ஆகியிருக்கும். ஃபோல்டர் பெயரைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கூகுள் கிளவுட் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுப்பாக நடந்துகொள்கிறது. லோக்கல் எஸ்எஸ்டி உள்ள மெஷினை நிறுத்தச் சொன்னால், அந்த டேட்டா வேண்டாம் என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்லும்வரை மறுத்துவிடும்.

இன்று ராத்திரிக்குள் ஒரு வேலை செய்யுங்கள். மெஷினுக்குள் போய், எந்தெந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது, டேட்டாபேஸ் ஃபோல்டர் அவற்றில் எதில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். கன்சோலில் தெரியும் இபிஎஸ் டிஸ்க் (ஹோஸ்டுக்கு வெளியே இருக்கும், நிறுத்தினாலும் அழியாத டிஸ்க்) பட்டியலில் இல்லாத ஒரு டிஸ்க் உள்ளே தெரிந்தால், அதை உடனே சந்தேகப்படுங்கள்.

போனது திரும்பி வராவிட்டால்?

ஸ்டாப் அழுத்தியாயிற்று, அளவையும் மாற்றியாயிற்று, இப்போது ஸ்டார்ட் அழுத்துகிறீர்கள். சிவப்பில் ஒரு செய்தி: போதுமான கெப்பாசிட்டி இல்லை. உங்கள் கணக்கில் எந்தக் கோளாறும் இல்லை. நீங்கள் கேட்கும் வகை மெஷினுக்கு உங்கள் மெஷின் இருக்கும் அவைலபிலிட்டி ஸோனில், அதாவது அந்த டேட்டா சென்டர் தொகுதியில், அந்த நேரத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். பக்கத்து ஸோனில் ஏற்றலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. இபிஎஸ் டிஸ்க் ஒரு ஸோனுக்குள் கட்டிப்போடப்பட்டது. ஸ்னாப்ஷாட் எடுத்து, அங்கே புது டிஸ்க் உண்டாக்கி, புது மெஷின் தொடங்க வேண்டும். ஜிபியு உள்ள மெஷின்களை வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அந்த இடம் உங்களுடையது. நிறுத்திவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. நிறுத்தும் முன்பே, நீங்கள் மாறப்போகும் வகைக்கு அதே ஸோனில் ஆன்டிமாண்ட் கெப்பாசிட்டி ரிசர்வேஷன் போடுங்கள். போட முடிந்தால் இடம் இருக்கிறது என்று பொருள், அது உங்களுக்காகக் காத்திருக்கும். முடியாவிட்டால் மெஷினைத் தொடாதீர்கள். மாற்றம் முடிந்ததும் அந்த ரிசர்வேஷனை நீக்கிவிட வேண்டும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது இருக்கும்வரை மீட்டர் ஓடும்.

அஸூரில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு வேண்டிய அளவு அதில் இருந்தால், இப்போதிருக்கும் அதே ஹார்டுவேர் கூட்டத்தில் அது கிடைக்கிறது, ஒரு ரீஸ்டார்ட்டோடு வேலை முடியும். இல்லாவிட்டால் டீஅலகேட் செய்தாக வேண்டும். அந்த மெஷின் ஓர் அவைலபிலிட்டி செட்டில் இருந்தால் அதிர்ச்சி காத்திருக்கிறது: ஒன்று படுத்தால் மற்றது தாங்கட்டும் என்று எந்த மெஷின்களைச் சேர்த்து வைத்தீர்களோ, அத்தனையையும் ஒன்றாக நிறுத்த வேண்டியிருக்கும்.

இடம் கிடைத்து மெஷின் ஏறினாலும் ஆபத்து தீரவில்லை. எம்4, டி2 போன்ற பழைய தலைமுறையிலிருந்து எம்5, டி3 போன்ற புதிய தலைமுறைக்குத் தாவுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பழையவை ஸென் என்ற ஹைபர்வைசரில் ஓடுபவை, புதியவை நைட்ரோவில். நைட்ரோவுக்கு என்விஎம்இ, ஈஎன்ஏ டிரைவர்கள் வேண்டும். பழைய விண்டோஸ் சர்வரில் அவை இல்லாவிட்டால் மெஷின் பூட்டே ஆகாது. லினக்ஸில் வேறு விதமாக அடி விழும். நேற்றுவரை ‘எக்ஸ்விடிஎஃப்’ என்ற பெயரில் இருந்த டேட்டா டிஸ்க், இன்று ‘என்விஎம்இ1என்1’ என்று பெயர் மாறி வரும். எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய பெயரையே எழுதி வைத்திருந்தால், லினக்ஸ் அந்த டிஸ்க்கைத் தேடும், ஒன்றரை நிமிஷம் காத்திருக்கும், கிடைக்காமல் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு என்ன தெரியும்? கன்சோலில் ‘ரன்னிங்’ என்று பச்சை எரியும். மீட்டர் ஓடும். எஸ்எஸ்ஹெச் மட்டும் உள்ளே விடாது. சில நிமிஷம் கழித்து இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்டஸ் செக் தோற்றதாகக் காட்டும். மறுபடி ஸ்டாப், மறுபடி ஸ்டார்ட், மறுபடி அதே கதை. ரூட் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு மெஷினில் மாட்டி, அந்த ஒற்றை வரியைத் திருத்தி, மீண்டும் பழைய இடத்தில் மாட்டினால்தான் விடிவு. சீரியல் கன்சோல் வழியாகவும் உள்ளே போகலாம், ஆனால் அதற்கான அனுமதியை முன்பே திறந்து, பாஸ்வேர்டு உள்ள ஒரு யூசரையும் வைத்திருக்க வேண்டும். சர்வர் படுத்தபிறகு அந்த பாஸ்வேர்டை வைக்க முடியாது.

எஃப்எஸ்டேப்பில் டிஸ்க் பெயருக்குப் பதில் யுயுஐடியை எழுதுங்கள், பக்கத்தில் ‘நோஃபெயில்’ என்று சேருங்கள். இரண்டு நிமிஷ வேலை. செய்யாதவர்களுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போகும்.

ஸ்டாப் என்றே சொல்லாமல் நிறுத்துபவை

இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்தே நிறுத்துவது. எனக்கு இன்னும் அதிகமாக நெஞ்சு படபடப்பது, நிறுத்துகிறோம் என்று தெரியாமலே செய்யும் காரியங்களை நினைத்துத்தான்.

“எதுக்கும் ஒரு பேக்கப் எடுத்து வச்சுக்கலாம்” என்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் மெஷினிலிருந்து ஏஎம்ஐ என்ற முழு நகல் இமேஜ் உண்டாக்குகிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் இமேஜ் எடுக்கும் முன் இசி2 மெஷினை ரீபூட் செய்யும் என்பதுதான் அதன் இயல்பான ஏற்பாடு. வேண்டாம் என்றால் நீங்கள்தான் ‘நோ ரீபூட்’ என்று சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதித் தினமும் இமேஜ் எடுப்பவர்கள் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால், சர்வர் தினமும் விழுந்து எழும், காரணமே புரியாது. இபிஎஸ் ஸ்னாப்ஷாட் மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ரீபூட் இல்லாமல் எடுக்கும்போது டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் பதிவாகலாம் என்பதால், அதன் டம்ப்பைத் தனியாகவும் எடுத்து வையுங்கள்.

கோடு எழுதி சர்வர்களைக் கட்டும் டெராஃபார்ம் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் பிளான் திரையில் ‘அப்டேட் இன்பிளேஸ்’ என்று பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். விடாதீர்கள். இன்ஸ்டன்ஸ் வகையை, அதாவது மெஷினின் அளவை, மாற்றினாலும் அது இன்பிளேஸ் என்றுதான் காட்டும். அப்ளை கொடுத்ததும் மெஷினை நிறுத்தி, வகையை மாற்றி, மறுபடி ஏற்றும். மெஷினை அழித்துப் புதிதாகக் கட்டப்போவதில்லை என்பதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. ஓட்டம் தடைபடாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

‘ஃபோர்சஸ் ரீபிளேஸ்மென்ட்’ என்று வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே படியுங்கள். இருக்கும் மெஷினை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டப்போகிறது. ஏஎம்ஐ மாறினால் இது நடக்கும், சப்நெட் மாறினால் நடக்கும், கீ பேர் பெயரை மாற்றினாலும் நடக்கும். எப்போதும் ஆகப் புதிய ஏஎம்ஐயை எடு என்று கோடில் எழுதி வைத்திருப்பவர்கள் கதி இன்னும் மோசம். நீங்கள் ஒன்றுமே மாற்ற வேண்டாம். எங்கோ ஒருவர் புது இமேஜ் வெளியிட்டிருப்பார். நீங்கள் ஒரு டேக் சேர்க்க அப்ளை கொடுப்பீர்கள், பிளானைப் படிக்காமல் ‘எஸ்’ அடிப்பீர்கள். ஓடிக்கொண்டிருந்த சர்வர் அழியும், அதோடு ரூட் டிஸ்க்கும் அழியும். மெஷின் போகும்போது ரூட் டிஸ்க்கும் போக வேண்டும் என்பதுதான் வழக்கமான அமைப்பு. டெர்மினேஷன் புரொடக்ஷனை இன்றே போட்டு வையுங்கள். அது இருந்தால் அழிக்கும் கட்டளை அங்கேயே தடுமாறி நிற்கும்.

அமேசானின் சொந்தக் கருவியான கிளவுட்ஃபார்மேஷனில் ஒரு நல்ல விஷயம்: ஒவ்வொரு அமைப்பையும் மாற்றினால் என்ன ஆகும் என்று ஆவணத்திலேயே மூன்று வகையாகக் குறித்திருக்கிறார்கள். தடை இல்லை, கொஞ்சம் தடை, மாற்றீடு. இன்ஸ்டன்ஸ் வகையும் யூசர் டேட்டாவும் இபிஎஸ் ரூட் உள்ள மெஷின்களில் இரண்டாவது வகை. கீ பேர் மூன்றாவது வகை. வெறும் சாவிப் பெயர்தானே என்று கை வைத்தால் முழு மெஷினும் போகும். சேஞ்ச் செட் போட்டுப் பார்க்காமல் அப்டேட் கொடுக்காதீர்கள்.

ஆட்டோ ஸ்கேலிங் குரூப்பில் இருக்கும் மெஷினைக் கையால் நிறுத்தினால், குரூப் அதைச் செத்துப்போனதாக எண்ணி ஒரேயடியாக அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றிவிடும். முதலில் அதை ஸ்டாண்ட்பைக்கு மாற்ற வேண்டும். அஸூரில் ஓஎஸ் டிஸ்க்கின் கேஷ் அமைப்பை மாற்றினால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், கூடுதல் நெட்வொர்க் கார்டு சேர்க்க டீஅலகேட் செய்ய வேண்டும். கூகுளில் சர்வீஸ் அக்கவுன்ட்டை மாற்றவும் மெஷினை நிறுத்த வேண்டும்.

அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போன வாரம் யாரோ அளவு மாற்றத்தைப் பராமரிப்பு நேரத்துக்குத் தள்ளி வைத்திருப்பார். இன்று நீங்கள் வேறொரு சின்ன மாற்றத்தைச் செய்து ‘உடனே அமல்படுத்து’ என்று கொடுக்கிறீர்கள். வரிசையில் காத்திருந்த பழைய மாற்றமும் அதோடு சேர்ந்து இறங்கும். பட்டப்பகலில் டேட்டாபேஸ் ரீஸ்டார்ட். காத்திருக்கும் மாற்றங்கள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தப் பட்டனைத் தொடுங்கள்.

பயப்பட வேண்டாதவை

டேக், ஐஏஎம் ரோல், டேட்டா டிஸ்க் சேர்ப்பு, இபிஎஸ் டிஸ்க்கின் அளவைக் கூட்டுவது ஆகியவற்றுக்கு இசி2வில் மெஷினை நிறுத்த வேண்டாம். டிஸ்க் நிறைந்துவிட்டது என்பதற்காகப் பலர் வீணாக மெஷினையே நிறுத்துகிறார்கள், அவசியமே இல்லை. கன்சோலில் அளவைக் கூட்டிவிட்டு, உள்ளே பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டினால் போதும். கூட்டியதைக் குறைக்க முடியாது என்பதால் எண்ணை அடிக்கும்போது மட்டும் நிதானம் தேவை. செக்யூரிட்டி குரூப் மாற்றத்துக்கும் ரீஸ்டார்ட் கிடையாது, ஆனால் உடனே அமலுக்கு வரும். 443 போர்ட்டைத் தெரியாமல் நீக்கினால் மெஷின் ஜோராக ஓடும், வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. வாடிக்கையாளருக்கு அதுவும் டவுன்டைம்தான்.

நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால்

ஆற அமரச் செய்யுங்கள். முதலில், அளவை மாற்றும் நாளுக்குச் சில நாள் முன்பே, கூட்டமில்லாத ஒரு ராத்திரியில் வெறும் ரீபூட் மட்டும் கொடுத்துப் பாருங்கள். நானூறு நாள் அணையாமல் ஓடிய சர்வரில் என்னென்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரோ என்றோ கையால் தட்டிவிட்டுப் போன புரோகிராம் இருக்கும், அது தானாக எழாது. டாக்கர் கன்டெய்னருக்கு ரீஸ்டார்ட் பாலிசி கொடுக்காவிட்டால் அதுவும் படுத்தே கிடக்கும். சேமிக்காத ஃபயர்வால் விதிகள் மறைந்துவிடும். இவற்றையெல்லாம் ரீபூட்டிலேயே கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டால், ஸ்டாப் அன்று ஏதாவது உடையும்போது புதிதாக மாறியதை மட்டும் தேடினால் போதும்.

அடுத்து, நிறுத்தும் அன்று புதிதாக ஒரு ஸ்னாப்ஷாட். தினசரி பேக்கப் ஓடுகிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். ஐந்து விதப் பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாகச் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். அவர்கள் எதையும் மறைக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

முடிந்தால் ஓடும் மெஷினைத் தொடவே தொடாதீர்கள். ‘நோ ரீபூட்’ போட்டு ஓர் இமேஜ் எடுத்து, அதிலிருந்து புது அளவில் இன்னொரு மெஷினைப் பக்கத்தில் ஏற்றுங்கள். மெயில் அனுப்பும் வேலைகளும் தானியங்கி ஜாப்களும் அந்த நகலில் ஓடாதபடி முதலிலேயே நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் வாடிக்கையாளருக்கு எல்லாம் இரண்டு முறை போகும். ஆற அமர சோதித்து முடித்தபின் எலாஸ்டிக் ஐபியைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றினால் சில வினாடிகளில் வேலை முடிந்தது. கோளாறு என்றால் அதே ஐபியைத் திரும்பப் பழையதில் மாட்டலாம். டேட்டாபேஸும் அதே மெஷினில் இருந்தால் மட்டும் இது இவ்வளவு சுலபமில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசி டேட்டாவைப் புதியதில் ஏற்றிய பிறகே மாற்ற வேண்டும்.

எஸ்எல்ஏ என்ற சேவை உத்தரவாதம் இருக்கிறதே என்று நினைப்பவர்கள், ஒற்றை இன்ஸ்டன்ஸுக்கு அமேசான் சொல்வது 99.5 சதவீதம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 30 நாள் மாதத்தில் அது 3.6 மணி நேரம் நிற்க இடம் கொடுக்கிறது. நீங்களே நிறுத்திய நேரம் அந்தக் கணக்கிலேயே வராது.

நீங்கள் ஒன்றும் செய்யாமலே நிற்கும் நாளும் உண்டு. 2014 செப்டம்பரில் ஸென்னில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது அமேசான் தன் இசி2 மெஷின்களில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவற்றை ரீபூட் செய்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியானபோது அஸூர் முன்பே சொன்ன அட்டவணையைக் கைவிட்டு, 2018 ஜனவரி 3 அமெரிக்க பசிபிக் நேரம் மாலை 3.30க்கு, அதாவது நம் நேரம் 4ஆம் தேதி விடியற்காலை 5 மணிக்கு, மிச்சமிருந்த மெஷின்களைத் தானாக ரீபூட் செய்யத் தொடங்கியது. பழுதாகும் ஹோஸ்டில் இருக்கும் மெஷினுக்கு ‘ரிடயர்மென்ட்’ என்று அமேசான் முன்கூட்டியே மெயில் போடும். தேதிக்கு முன் உங்களுக்கு வசதியான நேரத்தில் ஸ்டாப், ஸ்டார்ட் செய்துகொண்டால் நல்ல ஹோஸ்டுக்கு மாறிவிடலாம். விட்டுவிட்டால் அவர்களே நிறுத்துவார்கள்.

அந்த மெயில் யாருக்குப் போகிறது? கணக்கைத் திறந்தபோது கொடுத்த மெயில் ஐடிக்கு. அது மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டுப் போன ஒருவருடையதாக இருக்கலாம், அல்லது ஆடிட்டர் சொல்லி உண்டாக்கி யாரும் திறக்காத பெட்டியாக இருக்கலாம். கணக்கு அமைப்புகளில் மாற்றுத் தொடர்பு என்ற பகுதியில் ஆபரேஷன்ஸ் என்ற கட்டம் இருக்கிறது. தினமும் திறந்து பார்க்கும் ஒரு மெயில் ஐடியை இப்போதே அதில் போடுங்கள். போட்ட கையோடு இசி2 டாஷ்போர்டில் ஷெட்யூல்டு ஈவென்ட்ஸ் பக்கத்தையும் திறந்து பாருங்கள். உங்கள் மெஷினின் பெயரும் ஒரு தேதியும் ஏற்கெனவே அங்கே இருந்தால், இன்று மற்ற வேலைகளைத் தள்ளி வையுங்கள்.